திராட்சைக் குரூப்பில் என் இடது கண்

எனக்குக் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை என்றுதான் அன்றைக்கு நினைத்துக்கொண்டிருந்தேன். பூச்சி மருந்து பாட்டிலின் முதுகில் பொடி எழுத்தில் ஏதோ அச்சடிக்கிறார்களே, அதைப் படிக்க முடியவில்லை, அவ்வளவுதான். ஒரு டேங்குக்கு எத்தனை மில்லி என்று பார்க்கக் கையை நீட்டி, இன்னும் நீட்டி, கடைசியில் பாட்டிலை வரப்பில் வைத்துவிட்டு எட்ட நின்று குனிந்து படிக்கும் நிலைமைக்கு வந்திருந்தேன். ஒரு கண்ணாடி வாங்கினால் தீர்ந்தது. சுருளிப்பட்டியிலிருந்து கம்பத்துக்கு பைக்கில் போய், கண் பரிசோதனை மையத்தில் ஒரு சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு, மதியத்துக்குள் தோட்டத்துக்குத் திரும்பிவிடுவது என்று திட்டம். என் மனைவியும் பின்னால் ஏறிக்கொண்டாள். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும்.

மாடியில் இரண்டே அறைகள். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பிள்ளை, என் மகளைவிட இளையவள், சுவரில் மாட்டியிருந்த எழுத்துகளை வாசிக்கச் சொன்னாள். கடைசி வரி வரைக்கும் தடங்கல் இல்லாமல் வாசித்தேன். பள்ளிக்கூடத்தில்கூட நான் இவ்வளவு நன்றாக வாசித்ததில்லை. கிட்டப் படிப்பதற்கு மட்டும் கண்ணாடி போதும் என்று எழுதினாள். எழுந்துவிட்டேன். அப்போதுதான் அவள் கேட்டாள்.

"அய்யா, சுகர் இருக்கா?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி முந்திக்கொண்டாள்.

"பதினோரு வருசமா இருக்கு. மாத்திரை போடுறாக. போட மறந்தும் போறாக."

"அப்ப விழித்திரையைப் படம் எடுக்கணும்யா. சுகர் உள்ளவுக வருசத்துக்கு ஒருக்க எடுத்துப் பாக்கணும். உக்காருங்க."

"அதான் கடைசி வரி வரைக்கும் வாசிச்சேன்ல தாயி?"

"அது உங்க கண்ணு வெளியில இருக்கிறதைப் பாக்குறது. இது நாங்க உங்க கண்ணுக்குள்ள பின்னாடிப் பக்கத்தைப் பாக்குறது."

கண்மணி விரிந்தால்தான் படம் தெளிவாக விழுமாம். சொட்டு மருந்து விட்டாள். பெஞ்சில் கண்ணை மூடிக்கொண்டு உட்காரச் சொன்னாள். கால் மணி கழித்து டார்ச் அடித்துப் பார்த்து, "இன்னும் விரியல" என்று மறுபடி விட்டாள். அதற்கப்புறம் ஒருமுறை. கண்ணை மூடி உட்கார்ந்திருப்பவனுக்குக் காது மட்டும்தான் வேலை செய்யும். என் பக்கத்தில் ஒருவர் தன் வீட்டு மாடு கன்று போட்ட கதையை முதலிலிருந்து கடைசி வரைக்கும் சொன்னார். எழுந்து போகவும் வழியில்லை.

"இதைப் போட்டுட்டு பைக் ஓட்டலாமா?" என்று கேட்டேன்.

"ஓட்டக் கூடாதுங்கய்யா. நாலஞ்சு மணி நேரத்துக்கு வெளிச்சத்துல கூசும், மங்கலாத் தெரியும்."

இதை முதல் சொட்டுக்கு முன்னால் சொல்லியிருக்கலாம். என் மனைவிக்கு பைக் ஓட்டத் தெரியாது. ஆக வண்டியை அங்கேயே போட்டுவிட்டு பஸ்ஸில் வீட்டுக்குப் போய், மறுநாள் வண்டியை எடுக்கத் திரும்ப பஸ்ஸில் வர வேண்டும். ஒரு கண்ணாடிக்கு இரண்டு நாள். எரிச்சலில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இருட்டறையில் ஒரு மெஷின். அதில் தாடையை வைக்க ஓர் இடம், நெற்றியை முட்ட ஒரு பட்டை. உள்ளே ஒரு பச்சைப் புள்ளி தெரியும், அதையே பார்க்க வேண்டும்.

"அங்கன பாக்காதீங்கய்யா, இங்கன. பச்சையை மட்டும் பாருங்க. இமைக்காதீங்க. ம்... இமைச்சிட்டீக."

இமைக்காதே என்று சொன்ன பிறகுதான் நமக்கு இமை என்று ஒன்று இருப்பதே நினைவுக்கு வருகிறது. பளீரென்று ஒரு வெளிச்சம் அடிக்கும். அதற்கு ஒரு நொடி முன்னால் என் இமை விழுந்துவிடும். இப்படி ஏழெட்டுத் தடவை. என் கல்யாணத்தில்கூட என்னை இத்தனை போட்டோ எடுக்கவில்லை என்றேன். வெளியே நின்ற என் மனைவி, "அதுலயும் பாதிக்குக் கண்ணை மூடித்தான் இருப்பாக" என்றாள்.

கடைசியில் திரையில் இரண்டு வட்டம் வந்தது. செக்கச்செவேல் என்று, உள்ளே மஞ்சளாக ஒரு பொட்டு, அதிலிருந்து கிளை பிரிந்து ஓடும் நரம்புகள். வலது கண் சுத்தமாக இருந்தது. இடதில் மட்டும் நரம்புகளுக்கு நடுவே சிவப்புச் சிவப்பாய்ப் புள்ளிகள், கொஞ்சம் மஞ்சள் படிவு. அந்தப் பிள்ளை படங்களை மதுரையில் இருக்கும் டாக்டருக்கு அனுப்பினாள். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. அவள் நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னாள்.

"இடது கண்ணுல ரத்தக்கசிவு இருக்குங்கய்யா. நடுப்பார்வைக்குப் பக்கத்துல வந்திருக்கு. ஒரு வாரத்துக்குள்ள மதுரை போயிருங்க. லேசர் வைக்கணும்னு டாக்டர் சொல்றாக."

"ஆனா எனக்கு நல்லாத் தெரியுதே."

"இப்பத் தெரியும். தெரியிறப்பவே போயிட்டா காப்பாத்திக்கலாம். மறைச்சதுக்கு அப்புறம் போனா, போன பார்வை போனதுதான்."

மதுரையில் கேட்டால் காட்டுங்கள் என்று இரண்டு படத்தையும் என் போனுக்கு அனுப்பினாள். மதுரை ஆஸ்பத்திரிக்கு எழுதிய ஒரு தாளும் கொடுத்தாள். படியிறங்கித் தெருவுக்கு வந்தால் வெயில் கண்ணைக் குத்துகிறது. முந்தானையைப் பிடித்துக்கொண்டு போகிற சின்னப் பிள்ளையைப் போல் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினேன். இதில் எனக்கு இருந்த கோபமெல்லாம் வெயில் மேலும் சொட்டு மருந்து மேலும்தான். 'போன பார்வை போனதுதான்' என்று அந்தப் பிள்ளை சொன்ன வாக்கியத்தைப் பற்றி நான் நினைக்கவே இல்லை.

ஒரு வாரத்துக்குள் என்று சொல்வது சுலபம். மற்ற ஊர்களில் விவசாயிக்கு அறுப்பு முடிந்தால் ஒரு மாதம் கையைக் காலை நீட்ட முடியும். எங்கள் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சைக்கு அப்படி ஒரு மாதமே கிடையாது. கீழ்த் தோட்டத்தில் கொடியை வெட்டிக் கவாத்துப் பண்ணும்போது மேல் தோட்டத்தில் காய் பழுத்துக்கொண்டிருக்கும். மேலே அறுத்து முடித்தால் கீழே பூ. வருசம் முழுக்கச் சந்தைக்குப் பழம் போகிறது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். அதனால் எதையாவது தள்ளிப்போட வேண்டும் என்றால் எங்களுக்குக் காரணம் பஞ்சமே இல்லை. 'கவாத்து முடியட்டும்' என்று ஒருவன் சொன்னால், அது முடிகிற காரியமே இல்லை என்று அர்த்தம். கல்யாணப் பேச்சிலிருந்து பல் பிடுங்குவது வரைக்கும் இங்கே கவாத்து முடியக் காத்திருக்கிறது. நானும் அதையே சொன்னேன்.

அந்தப் பிள்ளை விடவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் போன் அடித்தாள்.

"அய்யா, மதுரைக்குப் போனீகளா?"

"போயிட்டே இருக்கேன் தாயி. பஸ்ல இருக்கேன்."

எனக்குப் பின்னால் டிராக்டர் உறுமிக்கொண்டிருந்தது.

"டிராக்டர்லயா அய்யா மதுரைக்குப் போறீக?"

கண்ணைப் பரிசோதிக்கத்தான் அவளுக்குச் சம்பளம். என் காதைப் பிடித்துத் திருகுவதற்கும் சேர்த்தா கொடுக்கிறார்கள் என்று இருந்தது. அதற்கப்புறம் அவள் நம்பர் வந்தால் எடுப்பதில்லை.

என் மனைவியின் வழி வேறு. அவள் வாய் திறக்கவில்லை. அந்தத் தாளை டிவிக்கு மேலே வைத்தாள். நான் எடுத்துப் பீரோவில் வைத்தேன். அடுத்த நாள் முகம் பார்க்கும் கண்ணாடியில் செருகியிருந்தது. அதையும் எடுத்தேன். பிறகு சட்டைப் பையில். ஒருநாள் மத்தியானம் தோட்டத்தில் தூக்குவாளியைத் திறந்தால், மூடிக்கும் சோற்றுக்கும் நடுவில் பாலிதீன் பையில் மடித்து வைத்த அதே தாள். வேலையாட்கள் எல்லாரும் பார்த்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் சாப்பாடே இறங்கவில்லை. இப்படியே பத்து நாள் போய்விட்டது.

அந்தச் சமயத்தில்தான் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் மழை பிடித்தது. திராட்சைக்கு அந்த ஈரம் ஆகாது. மேல் தோட்டத்தில் இலைகளில் புள்ளி விழுந்திருந்தது. எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. திராட்சை போட்டிருக்கிறவர்கள் முப்பது நாற்பது பேர், நடத்துகிறவர் பூச்சி மருந்துக் கடைக்காரர். இலையைப் படம் எடுத்துப் போட்டால் என்ன நோய், என்ன அடிக்கலாம் என்று பதில் வரும். பந்தலுக்குக் கீழே நின்று அண்ணாந்து, இலையின் அடிப்பக்கத்தை வெயில் ஊடுருவுகிற மாதிரி எடுக்க வேண்டும். போனில் மாட்டிக்கொள்ள ஒரு குட்டி லென்ஸைக் கடைக்காரர் கொடுத்திருந்தார். அதை மாட்டினால் படம் வட்டமாக விழும்.

எடுத்தேன். வண்டியை எடுக்கப் போனபோது வாங்கிய புதுக் கண்ணாடி வீட்டில், சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. போன் திரையில் வெயில் வேறு. வட்டமாக, சிவப்பாக, நரம்பு ஓடுகிற ஒரு படத்தைத் தொட்டு குரூப்பில் அனுப்பிவிட்டு, 'மேத்தோட்டத்தில் இப்படி இருக்கிறது, என்ன அடிக்கலாம்' என்று குரலில் பேசிப் போட்டேன். எதற்கும் இருக்கட்டும் என்று மருந்து கலக்குகிற டிரம்மில் தண்ணீர் பிடிக்கவும் சொன்னேன்.

பதில் வர ஆரம்பித்தது.

"செவட்டை நோய்."

"செவட்டை இல்ல. மருந்து கூடிப்போய்க் கருகியிருக்கு."

"நரம்பு வீங்கிக் கெடக்கு பாருங்க. இது வேர்ல இருந்து வர்றது."

ஒருவர் இது எதையும் பார்க்காமல் ரோஜாப் பூவில் காலை வணக்கம் போட்டார். செவட்டைக்காரருக்கும் கருகல்காரருக்கும் சண்டை வந்துவிட்டது. போன வருசம் யார் சொன்ன மருந்தால் யார் தோட்டம் கெட்டது என்று அது எங்கேயோ போனது. என் இலைக்கு ஒரு பதில் கேட்டால் ஊர்ப் பஞ்சாயத்தைக் கூட்டுகிறார்களே என்று தலையில் அடித்துக்கொண்டேன். கடைசியில் கடைக்காரர் வந்தார்.

"அண்ணே, ஆரம்பக் கட்டம்தான், பயப்படாதீக. ஆனா லேட் பண்ணாதீக. இன்னைக்கே பாத்துட்டா இதோட நின்னுரும். விட்டுட்டா முழுசாப் பரவிரும், அப்புறம் ஒண்ணும் செய்ய முடியாது."

அதற்குக் கீழே இன்னொரு செய்தி வந்தது. "அண்ணே, அது இலை இல்ல." உடனே போனும் அடித்தது.

ராயப்பன்பட்டிக்காரன். என்னைவிடப் பத்து வயது இளையவன். குரூப்பில் ஒரு காலத்தில் கடைக்காரருக்கு முன்னால் அவன்தான் பதில் போடுவான். படத்தைப் பார்த்த மாத்திரத்தில் நோயின் பெயரைச் சொல்லுவான், தப்பவே தப்பாது. ஒரு வருசமாக அவனிடமிருந்து சத்தமே இல்லை. பழம் ஏற்றுமதிக்குப் போகிற திமிரில் நம்மையெல்லாம் மதிக்கவில்லை என்று நான்கூட இரண்டு பேரிடம் பேசியிருக்கிறேன்.

"அண்ணே, நீங்க போட்ட படத்தைப் பெருசாக்கிப் பாருங்க. அது கண்ணு."

போனை நீட்டிப் பிடித்து, படத்தை விரித்துப் பார்த்தேன். அந்த மஞ்சள் பொட்டு. அந்தச் சிவப்புப் புள்ளிகள். சுருளிப்பட்டியிலிருந்து சின்னமனூர் வரைக்கும் என் கண்ணுக்குள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டார்கள்.

"எனக்கு வலது கண்ணு இப்படித்தாண்ணே இருந்துச்சு. படம் எடுத்துச் சொன்னாக. இந்த அறுப்பு முடியட்டும்னு பீரோவுல வச்சுட்டேன். ஒரு நா காலையில பந்தலுக்குக் கீழ நிக்கிறேன், மேல கருப்பாத் துணி விரிச்ச மாதிரி இருக்கு. துணியை ஆரு போட்டதுன்னு வேலையாள வையிறேன். துணியே இல்ல. அந்தக் கண்ணு அதோட போச்சு. இப்ப இடதுக்கும் ஊசி போட்டுக்கிட்டு இருக்காக. உருவம் தெரியும், பொடிசாத் தெரியாது. குரூப்ல படம் வந்தா மூஞ்சிகிட்ட வச்சுப் பாத்தாலும் எனக்கு நோய் பிடிபட மாட்டேங்குது. இந்தப் படம் மட்டும் எங்கன கண்டாலும் தெரியுது."

பயந்தேன். அந்தப் பிள்ளை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னபோது வராத பயம் அப்போது வந்தது.

"ஆரு கண்ணுண்ணே இது?" என்று கேட்டான்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. வெட்கமாக இருந்தது என்பதுதான் உண்மை.

"எங்க வீட்டம்மாவுது தம்பி."

"அப்ப நாளைக்கே கூட்டிட்டுப் போங்க. தோட்டம் எங்கயும் போயிராது."

போனை வைத்துவிட்டுப் பார்த்தால், டிரம் நிறைந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. இலைக்குப் புள்ளி என்றதும் பத்து நிமிஷத்தில் தண்ணீர் பிடிக்கச் சொன்னவன், கண்ணுக்குப் புள்ளி என்று தெரிந்து பத்து நாளாகச் சும்மா இருந்திருக்கிறேன். எனக்கு என்மேல் வந்த எரிச்சலில் வேலையாளிடம், "மோட்டாரை நிறுத்த மாட்டியா?" என்று கத்தினேன். பாவம், அவர் என்ன செய்வார்.

மறுநாள் முதல் பஸ்ஸுக்கு நான்தான் முதலில் கிளம்பி நின்றேன். அந்தத் தாள் என் மனைவியின் கைப்பையில் தயாராக இருந்தது. பஸ் தேனியில் ஒரு யுகம் நின்றது, ஆண்டிபட்டியில் இன்னொரு யுகம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் டிரைவர் டீ குடிக்க இறங்கும்போது எனக்கு ஆவி துடித்தது. பத்து நாள் கழித்துப் போகிறவனுக்குப் பத்து நிமிஷம் பொறுக்கவில்லை.

மதுரையில் மறுபடி சொட்டு மருந்து, மறுபடி பெஞ்சு, மறுபடி தாடை, நெற்றி, பச்சைப் புள்ளி. இந்தத் தடவை இமைக்கவில்லை. டாக்டரம்மா படங்கள் எல்லாவற்றையும் வரிசையாகத் திரையில் வைத்துப் பார்த்துவிட்டு, "கம்பத்துல எடுத்த அன்னைக்கே வந்திருந்தா இன்னும் நல்லாயிருக்கும்" என்றார். நான் கவாத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். என் மனைவி என் காலை மிதித்தாள்.

லேசர் வைத்தார்கள். கண்ணுக்குள்ளே சுருக் சுருக்கென்று வெளிச்சம். போனது திரும்பாது, இருப்பதை நிறுத்திவைக்கலாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். நடுவுக்குச் சற்றுத் தள்ளி ஒரு கொசு உட்கார்ந்திருக்கிற அளவுக்கு ஒரு மறைப்பு நின்றுவிட்டது. முதலில் நிஜமாகவே கொசு என்று இரண்டு நாள் கையை வீசிக்கொண்டிருந்தேன். அது என் பத்து நாளுக்கான கொசு. ஊருக்கு வந்ததும் கம்பத்துப் பிள்ளைக்கு நானே போன் போட்டு, பஸ்ஸில்தான் போனேன் என்று சொன்னேன்.

இதோடு முடிந்தது என்று இருந்தேன். ஒரு மாதம் கழித்து என் மனைவி உத்தமபாளையத்துக்கு ஒரு விசேஷத்துக்குப் போய்விட்டு வந்தாள். வந்ததும் பையைக் கீழே வைத்துவிட்டு, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு என் முன்னால் நின்றாள்.

"எனக்கு எப்பங்க கண்ணுல ரத்தம் கசிஞ்சுச்சு?"

நான் எழுந்து செருப்பைத் தேடினேன்.

"பஸ் ஸ்டாண்டுல ராயப்பன்பட்டித் தம்பியப் பாத்தேன். பக்கத்துலதான் நிக்கிறாரு, என்னைத் தெரியல. நான் பேசவுந்தான் சத்தத்தை வச்சுத் திரும்புனாரு. 'அக்கா, கண்ணு தேவலையா, லேசர் வச்சாகளா'ன்னு என் கையப் பிடிச்சுக்கிட்டுக் கேக்குறாரு. ஆரு கண்ணைச் சொல்றாருன்னு நான் முழிக்கிறேன். பதினோரு வருசமா மாத்திரை எடுத்துக் குடுத்தது நானு. நோயையும் எனக்கே எழுதி வச்சுட்டீகளாக்கும்?"

அவள் கோபமாகத்தான் ஆரம்பித்தாள். பாதியில் சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரிக்கவில்லை. சிரிக்க என்ன இருக்கிறது. அவன் தன் கண் போன நிலைமையில் என் வீட்டுக்காரியின் கண்ணை நினைத்து ஒரு மாதமாகக் கவலைப்பட்டிருக்கிறான்.

மறுநாள் காலை மேல் தோட்டத்திலிருந்து அவனுக்குப் போன் போட்டேன். வேலையாட்கள் வந்துவிட்டார்கள், கீழ்த் தோட்டத்துக்குக் கவாத்துக் கத்திரி கொடுக்க வேண்டும். இருக்கட்டும் என்று பந்தலுக்குள் தள்ளிப் போய் நின்றேன்.

"தம்பி, அது என் கண்ணுப்பா."

"தெரியும்ணே."

"எப்படித் தெரியும்?"

"நானும் என் கண்ணுப் படத்தை எங்க மச்சினன் கண்ணுன்னு சொல்லிக்கிட்டுத்தான திரிஞ்சேன். நேத்து நான் கேட்டதும் அக்கா பேச்சுல தடுமாறுனதுலயே உறுதியாயிருச்சு." சிரித்தான். பிறகு, "இடதுதான? இப்ப எப்படி இருக்கு?" என்றான்.

"ஒரு ஓரமா மறைக்குது. மத்தபடி தெரியுது."

"எங்கன நிக்கிறீக?"

"பந்தலுக்குக் கீழ."

"வலது கண்ணைப் பொத்திக்கிட்டு மேல பாருங்க. இலை தெரியுதா?"

பொத்திக்கொண்டு அண்ணாந்தேன். "தெரியுது."

"நரம்பு?"

"நரம்பும் தெரியுது. புள்ளி கிள்ளி ஒண்ணும் இல்ல. மழைக்கு விழுந்ததெல்லாம் உதிர்ந்து புது இலை வந்திருக்கு."

"காய்?"

"நிறம் ஏற ஆரம்பிச்சிருச்சு. ஒரு கொத்துல அஞ்சாறு மணி சிவந்திருக்கு, மத்தது பச்சை."

"அஞ்சா, ஆறா?"

எண்ணிப் பார்த்து, "ஆறு" என்றேன்.

"இன்னுங் கொஞ்சம் சொல்லுங்கண்ணே" என்றான்.

எனக்குக் கழுத்து வலித்தது. வரப்பில் வேலையாட்கள் கத்திரிக்காக நின்றுகொண்டிருந்தார்கள், ஒருவர் என்னைக் கூப்பிடவும் கூப்பிட்டார். வலது கண்ணைப் பொத்திய கையை எடுக்காமல், அடுத்த கொத்துக்கு நகர்ந்து அதை எண்ண ஆரம்பித்தேன்.